பன்னிரண்டு வருஷத்துச் சந்தனம்

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி எடுத்த பர்வீன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். காற்றுப் போக வர அதில் வரிசை வரிசையாக ஓட்டைகள் இருக்க வேண்டுமாம், ஓட்டை இருந்தால்தானே வெளிச்சம் தெரியும், ஒன்றுகூடத் தெரியவில்லை. "என்னங்க்கா இது, மண்ணாட்ட அப்பியிருக்குது?" என்று என்னைக் கேட்டாள். என்னவென்று எனக்குத் தெரியும். நிறம் தெரிகிறது, லேசாக வாசனைகூட வருகிறது, எங்கள் வீட்டில் அது எந்த டப்பாவில் இருக்கிறது என்பதும் தெரியும், ஆனால் பெயர் வரவில்லை, ஒரு நொடி, ஒன்றரை நொடி, அதற்குள் மனசு கணக்கெழுதிவிட்டது, ஏழு மாதமாக எழுதிக்கொண்டிருக்கும் அதே கணக்கு, இதோ இன்னொன்று, இதையும் சேர்த்துக்கொள் என்று. "சந்தனம்" என்றார் பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் சென்னியப்பன், ரொம்பச் சின்னக் குரலில். ஆயுத பூஜைச் சந்தனம். கிரைண்டருக்கு மூன்று கோடு, ஸ்கூட்டருக்கு மூன்று கோடு, தண்ணீர் மோட்டாருக்கு ஒரு பொட்டு, கம்ப்யூட்டர் பெட்டிக்கு மட்டும் தனி மரியாதை, படிப்புச் சாமான் ஆயிற்றே, சரஸ்வதி குடியிருக்கும் இடம், அதனால் நான்கு விரலையும் தோய்த்து இந்தப் பக்கம் அகலமாக ஒரு பட்டை, பின்னால் காற்றாடி சுற்றும் வலைமேல் ஒரு பட்டை, நடுவில் குங்குமம். பழசை வழிக்கக் கூடாது, அதன்மேலேயே புதுசு. பெட்டி வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷம், பன்னிரண்டு பட்டை. ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்த மனுஷன், மோட்டார்மேல் யாராவது துண்டைக் காயப்போட்டால் வீட்டை இரண்டாக்குகிறவர். வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

"மிஷினு மூச்சுவிட முடியாமத் திணறியிருக்குதுங்க்கா" என்றாள் பர்வீன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள், நாற்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுத்தான் எதையும் பார்ப்பாள். "உள்ளே சூடு ஏற ஏற, எரிஞ்சு போயிரக் கூடாதுன்னு அதுவா வேகத்தைக் குறைச்சுக்குமுங்க. அதுக்கும் மேல ஏறுனா அணைஞ்சுக்கும். நேத்து அணைஞ்சுதுன்னீங்களே, அதுதான்." எத்தனை மாதமாக இப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். "அதைச் சொல்ல முடியாதுங்க்கா, ஒரு நாள்ல வர்றதில்லீங்களே, கொஞ்சங் கொஞ்சமாத்தான்" என்றாள். கொஞ்சங் கொஞ்சமாகத்தான். ஆமாம் அம்மிணி, அதைத்தான் நானும் ஏழு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கொஞ்சங் கொஞ்சமாக, ஒரு நாளில் வராமல், என்றைக்கு ஆரம்பித்தது என்று விரலை வைத்துச் சொல்ல முடியாமல். ஆனால் அது பெட்டிக்குள் இருந்தது என்கிறாள் இவள். என் தலைக்குள் இல்லை என்கிறாள். அவள் அப்படிச் சொல்லவில்லை, அவளுக்கு என் தலையைப் பற்றி என்ன தெரியும், நான்தான் அப்படிக் கேட்டுக்கொண்டேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று இருந்தது. அப்பாடா என்பது எவ்வளவு நல்ல வார்த்தை, சொல்லும்போதே நெஞ்சிலிருந்து பாதி காற்று இறங்கிவிடுகிறது.

ஜனவரியில் ஒரு பக்கம் திருத்த நாலு நிமிஷம். ஜூலையில் ஒன்பது. சென்னையில் ஒரு நிறுவனம் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றுகிறது, மாற்றுவது கம்ப்யூட்டர், அது ழகரத்தை மகரமாகவும் துணைக்காலை ரகரமாகவும் படித்து வைக்கும், திருத்துவது என்னைப் போன்ற ஆட்கள், உடுமலைப்பேட்டையில், அவரவர் வீட்டில் உட்கார்ந்து, இன்டர்நெட் வழியாக. திரையில் இடது பக்கம் படம், வலது பக்கம் எழுத்து, மூலையில் ஒரு கடிகாரம். 'அடுத்த பக்கம்' என்று அமுக்கினால் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், 'முடிந்தது' என்று அமுக்கினால் நிற்கும். மாதக் கடைசியில் சராசரி வரும். நாலு, நாலரை, அஞ்சே கால், ஆறு. ஹரிணி என்று ஒரு பெண் அங்கே மேற்பார்வை, ஏப்ரலில் போன் செய்தாள், "மேடம், உங்க வேலைல ஒரு தப்புகூட இல்ல, ஆனா நேரம் மட்டும் ஏறிட்டே வருது, உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்றாள். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. அவ்வளவு தன்மையாகக் கேட்டதுதான் என்னைத் தூக்கிப்போட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் திடீரென்று பிரியமாகப் பேச ஆரம்பித்தால் நமக்குத் தெரிந்துவிடும் இல்லையா, அப்படி. உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு கண்ணு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்து, பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தேன். பதினேழு ஆறு நூற்றி இரண்டு வரைக்கும் வந்தது. அதற்கப்புறம் வந்ததா, வரவில்லையா, பயத்தில் நானே நிறுத்திவிட்டேனா, தெரியவில்லை.

ஏன் பெட்டியைச் சந்தேகப்படவில்லை என்று இப்போது யோசித்தால் சிரிப்புதான் வருகிறது. மகள் பெங்களூரிலிருந்து போனிலேயே சோதித்துப் பார்த்து, நெட் நல்லாத்தாம்மா இருக்குது, ஸ்பீடெல்லாம் சரியா வருது என்றாள். இவரைக் கேட்டால், பெட்டிக்கு என்ன, தினமும் நான்தானே துடைக்கிறேன், கும்முனு சத்தம் கேக்குது பாரு, நல்லா ஓடுது என்றார். நெட் நன்றாக இருக்கிறது, பெட்டி நன்றாக ஓடுகிறது, மிச்சம் இருப்பது யார்? மொத்தமாக ஐந்து நிமிஷம் சுற்றிக்கொண்டு நின்றிருந்தால் எனக்கும் புரிந்திருக்கும். அது அப்படி நிற்கவில்லை. பொடிப்பொடியாக நின்றது. 'ள' அடிப்பேன், வராது, அடித்தேனா என்று நினைப்பேன், அடித்ததாகத்தான் விரல் சொல்கிறது, ஆனால் திரையில் இல்லையே, மறுபடி அடிப்பேன், இரண்டு 'ள' சேர்ந்து வரும், ஒன்றை அழிப்பேன், இரண்டும் போய்விடும். 'முடிந்தது' என்று அமுக்குவேன், ஒன்றும் ஆகாது. அமுக்கினேனா, அமுக்க வேண்டும் என்று நினைத்தேனா? இந்தக் கேள்வி ஒரு மனுஷியைத் தின்றுவிடும். செய்ததற்கும் செய்ய நினைத்ததற்கும் நடுவில் இருக்கிற சுவர் இடிந்துபோனால் அப்புறம் காஸை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா, இந்த வீட்டில்தான் இருக்கிறோமா என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க வேண்டியதுதான். பார்த்தேன். ஒரே ராத்திரியில் மூன்று தடவை எழுந்துபோய் காஸைப் பார்த்தேன்.

"அக்கா, இத்தனை திறந்து வெச்சிருக்கறீங்களே" என்று பர்வீன் வந்தவுடன் கேட்டாளே, பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை போட்டுப் பார்த்தபோது, அறுபத்தொரு இன்டர்நெட் பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்திருந்தன, தலைப்பே தெரியாத அளவுக்கு மேலே நெருக்கியடித்துக்கொண்டு. சும்மா விட்டுட்டேன் அம்மிணி என்றேன். சும்மா இல்லை. ஏப்ரலுக்கு அப்புறம் எதையும் மூடுவதற்குப் பயம். மூடினால் மறுபடி எப்படி அங்கே போவது என்பது மறந்துவிட்டால்? கரன்ட் பில் கட்டுகிற பக்கம், மகள் அனுப்பிய போட்டோ, பழைய ஊர்ப்பெயர் அகராதி, எல்லாம் கண்ணெதிரே இருக்கட்டும் என்று விட்டு வைத்தேன். அதுவும் பாரம்தான் என்கிறாள், மூடாத ஒவ்வொன்றையும் அது பின்னால் சுமந்துகொண்டே நிற்குமாம். ஆக, பயந்து திறந்து வைத்தேன், திறந்து வைத்ததால் இன்னும் மெதுவானது, மெதுவானதால் இன்னும் பயந்தேன், இன்னும் திறந்து வைத்தேன். யாருக்கும் வேலை வைக்காமல் நானே கயிற்றைத் திரித்து நானே கழுத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். சகுந்தலாமணி, உனக்கு ஐம்பத்தாறு வயது, நீ இந்த ஊரில் பி.ஏ. படித்தவள், கொஞ்சமாவது வெட்கமாக இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் வெட்கம்கூட இன்றைக்கு இனிப்பாகத்தான் இருக்கிறது.

அம்மாவுக்கு மறதி நோய் ஐம்பத்தெட்டு வயதில் ஆரம்பித்தது. மறதியாக ஆரம்பிக்கவில்லை, அதுதான் யாருக்கும் தெரியாது, தாமதமாக ஆரம்பித்தது. ரசத்துக்கு உப்புப் போட்டியாம்மா என்று கேட்டால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். நான் இரண்டு வேலை முடித்துவிட்டு வந்த பிறகு, போட்டுட்டேன் என்பாள், சரியாகத்தான் சொல்வாள், ஆனால் அதற்குள் நான் ஒரு கரண்டி உப்பைப் போட்டிருப்பேன். ஒரு நாள் பொறுமை போய், கேட்டால் சட்டுனு சொல்லித் தொலையேம்மா என்று கத்திவிட்டேன். அவள் பயந்தாள். என்னைப் பார்த்து என் அம்மா பயந்தாள், அந்த முகம் இன்னும் இருக்கிறது என்னிடம், மறக்க வேண்டியது எதுவும் மறப்பதில்லை. மூன்று வருஷம் கழித்து ஒரு காலையில் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க, நீங்க யாரூட்டுப் புள்ளைங்க?" என்று கேட்டாள். ஒரு 'ங்க'கூட விடவில்லை. பெற்ற பெண்ணிடம் அவ்வளவு மரியாதை. அன்றைக்குக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதனால்தான் இந்த ஏழு மாதமும் யாரிடமும் சொல்லவில்லை, மகளிடமும் இல்லை, இவரிடமும் இல்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும். சொல்லாதவரைக்கும் அது கம்ப்யூட்டர் மூலையில் ஓடுகிற ஒரு எண், அவ்வளவுதான்.

"சாமிக்கு வெச்சதுங்க, நான் சொரண்டலாங்களா?" என்று பர்வீன் கேட்கிறாள். கையில் ஒரு பழைய டூத் பிரஷ். இவர் தகட்டை வாங்கிக்கொண்டு வாசல் குழாய்க்குப் போய் உட்கார்ந்து, தேங்காய் நாரை வைத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். முதுகைப் பார்த்தாலே தெரிகிறது, மனுஷன் கூனிக் குறுகிப் போயிருக்கிறார், முப்பது வருஷ சர்வீஸும் அந்தச் சந்தனத்தோடு கரைந்து சாக்கடையில் போகிறதே. பர்வீன் பின்பக்க வலையை டூத் பிரஷால் தேய்த்துவிட்டு, பையிலிருந்து ப்ளோயரை எடுத்து உள்ளே ஊத, சந்தன வாசனையோடு பன்னிரண்டு வருஷத் தூசி எழுந்து எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. தும்மினோம். "பாதிதானுங்க்கா சூடு" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "மீதி, நீங்க பாக்கற பக்கமே மாறிப்போச்சுங்க. இது வாங்குனப்ப ஒரு பக்கம் திறந்தா எழுத்து வரும், கூட ரெண்டு படம் வரும். இப்ப அதே பக்கத்தைத் திறந்தா வீடியோ வருது, விளம்பரம் வருது, நீங்க எங்க அமுக்கறீங்கன்னு வேவு பாக்கறது ஒண்ணு வருது, பின்னாடியே ஒரு பட்டாளம். பெட்டி அதே பெட்டிதானுங்க. சுமைதான் ஏறிப்போச்சு." அப்படியானால் பெட்டிக்கு வயசாகி மெதுவாகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று கேட்டேன். "அதெல்லாஞ் சும்மாங்க்கா. அது வாங்குன அன்னிக்கு என்ன வேகத்துல கணக்குப் போட்டுதோ, சூடு இல்லாம இருந்தா இன்னிக்கும் அதே வேகந்தான். நாமதான் அதுகிட்டக் கேக்கறது ஜாஸ்தி" என்றாள். எனக்கு அவளை எழுந்து கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. தோளில் பையோடு வந்த ஒரு பெண் போகிற போக்கில் இப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியுமா? அதே வேகந்தான். அதே வேகந்தான். கேட்பதுதான் ஜாஸ்தி.

சரி, ஆனால். இந்த ஆனால் எங்கிருந்துதான் வருகிறதோ, சந்தோஷம் வந்து உட்காருவதற்கு முன்னால் நாற்காலியை இழுத்துவிட்டுச் சிரிக்கும். ஆனால், பெட்டி மெதுவானது நிஜம் என்றால் நான் மெதுவாகவில்லை என்று ஆகிவிடுமா? இரண்டு பேரும் சேர்ந்தே மெதுவாகியிருக்கலாமே. பீர்க்கங்காய் என்ற பெயர் அன்றைக்கு உழவர் சந்தையில் வரவில்லையே, அதற்கு எந்தச் சந்தனம் அடைத்தது? வரிவரியாக இருக்குமே, பச்சையா, அது ஒரு கிலோ கொடுங்க என்று கையைக் காட்டி வாங்கினேன். சந்தனம் என்ற பெயரே சந்தனத்தை எதிரில் வைத்துக்கொண்டு வரவில்லையே இப்போது. இவள் பெட்டியைச் சரி செய்துவிட்டுப் போய், அதற்கப்புறமும் ஒன்பது என்று வந்தால் என்ன செய்வேன்? இதுவரைக்கும் பழி போட ஒரு பெட்டியாவது இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. இனிமேல் அதுவும் இருக்காது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சந்தனத்தை வழிக்காமல் விட்டிருக்கலாமே என்றுகூடத் தோன்றியது. தோன்றியதை நான் ஒத்துக்கொள்கிறேன். வாசலில் இவர் தகட்டை உதறும் சத்தம் கேட்டது. துண்டால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒவ்வொரு ஓட்டையாக ஈர்க்குச்சியை விட்டு எடுத்து, மறுபடி பார்த்தார். கொண்டுவந்து பர்வீனிடம் கொடுத்தபோது பளபளவென்று இருந்தது, அவர் முகம் மட்டும் இல்லை.

திருகுகளை முடுக்கினாள். போட்டாள். அந்தக் கும்மென்ற சத்தம் வரவில்லை, நான் பயந்தே போனேன், ஓடவில்லையா என்றேன். "ஓடுதுங்க்கா, இப்பத்தான் ஒழுங்கா ஓடுது, அந்தச் சத்தமே திணறுன சத்தந்தான்" என்றாள். அறுபத்தொன்றையும் மூடட்டுமா என்று கேட்டாள், வேண்டியது எல்லாம் பட்டியலாகப் போட்டு வைத்துவிட்டாள், மூடிக்கோ அம்மிணி என்றேன், ஒரே அமுக்கில் போயின, ஏதோ ஆகுமென்று பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. "உங்க வேலையைப் போட்டுப் பாருங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்தாள். இல்லை, அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உட்கார்ந்துவிட்டேன். 'அடுத்த பக்கம்.' அமுக்கியதும் வந்து நின்றது, மாட்டு வைத்தியம் பற்றிய பழைய புத்தகம், நூற்றுப் பதினெட்டாம் பக்கம், கடிகாரம் ஓட ஆரம்பித்தது. கடிகாரத்தைப் பார்க்காதே. முதல் வரியில் கழுத்து என்பது கமுத்து. மாற்றினேன், அடித்த எழுத்து அடித்த இடத்தில் வந்தது, அடித்தேனா என்று கேட்க நேரமே இல்லை, அடித்தேன், இதோ இருக்கிறது. வயிற்றுப் பொருமல் என்பதை வயிற்றுப் பெருமாள் என்று படித்து வைத்திருக்கிறது, பெருமாளே என்று நினைத்துக்கொண்டே மாற்றினேன், அப்புறம் இஞ்சி, ஓமம், சுண்ட வற்றவைத்து, மூன்று வேளை, எருதுக்கு ஓர் அளவு, கன்றுக்குப் பாதி, எங்கே துணைக்கால் பிசகியிருக்கும் என்று கண் எனக்கு முன்னால் ஓடியது, கை அதன் பின்னாலேயே ஓடியது, நடுவில் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியாது. பயம் எங்கே இருந்தது என்றும் தெரியாது. கடைசி வரி. 'முடிந்தது.' கடிகாரம் நின்றது. மூன்று நிமிஷம் ஐம்பத்திரண்டு நொடி.

பர்வீன் கிளம்பும்போது, "வருஷா வருஷம் வைங்கண்ணா, வேண்டாங்கலே, ஓட்டை இல்லாத பக்கமாப் பாத்து ஒரு பொட்டு வைங்க" என்று இவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். இவர் தலையை ஆட்டினார். கேட்டைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நான் திரையிலிருந்து திரும்பாமலே சொன்னேன், திரும்பினால் சொல்ல முடியாது என்று தெரியும். "ஏனுங்க, நான் ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. ஏழு மாசமா எனக்கும் எங்கம்மா மாதிரி ஆயிட்டு இருக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், நகக்கண்ணில் சந்தனம் இருந்தது. "போன மாசம் கோயமுத்தூர் போனேனல்ல, மோட்டாருக்கு பேரிங் வாங்க" என்றார். "பேரிங் வாங்கப் போகல. தலைக்குப் பாக்கற டாக்டர் ஒருத்தரு இருக்கறாரு, அவரைப் பாக்கப் போனேன். வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்கன்னாரு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ராத்திரி எந்திருச்சு எந்திருச்சு காஸைப் பாக்கறயே, நான் தூங்கல சகுந்தலா, முழிச்சுட்டுத்தான் படுத்திருந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. ஒரே கட்டிலில் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, அவரவர் பயத்தை அவரவர் பக்கத்தில் அணைத்துக்கொண்டு ஏழு மாதம் படுத்திருந்திருக்கிறோம். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு நல்லாத்தான் இருக்குது என்றேன். "நல்லாத்தான் இருக்குது" என்றார். அப்பவும் சிலது பேரு வர மாட்டேங்குதுங்க, அன்னிக்குச் சந்தையில பீர்க்கங்காய்ங்கற பேரு வரல, அது நிஜந்தான் என்றேன். "வரலீன்னா என்னையக் கேளு" என்றார். உங்களுக்கும் வரலீன்னா? கொஞ்ச நேரம் யோசித்தார், மெதுவாகத்தான் யோசித்தார், நான் அவசரப்படுத்தவில்லை.

"ரெண்டு பேருக்கும் வரலீன்னா, அந்தக் காயே வாங்காம வந்தர்லாம்" என்றார்.